கார்புரேட்டரில் ஐஸ்

அந்தப் பட்டறையில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. விமான இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, எல்லாம் சரி என்று யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவரே முதல் பறப்பில் பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பட்டறை முழுக்க ‘அக்கா’ என்று கூப்பிடும் மெக்கானிக் தனியாகக் கையெழுத்துப் போட்ட முதல் இன்ஜின் இது. பைலட்டோ அவளுடைய சொந்தத் தம்பி. ஏதாவது ஆனால் உயிரோடு பேரும் சேர்ந்து போகும்.

மேலே போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலைக்கு மேல் ஈர மேகம், கீழே காடு. முழங்கால் முன்பலகையில் இடித்தது, வார் தோளை அழுத்தியது. இறங்கி ஓட அது என்ன பஸ்ஸா? அப்போதுதான் இன்ஜினின் வேகமுள் மெல்ல இறங்கியது.

“கார்புரேட்டர்ல ஐஸ் பிடிக்குதுடா. சூடான காத்தைத் திறந்துவிடு.”

“இந்த வெயில் காலத்துல ஐஸா?”

“ஈரக்காத்து போதும். பெட்ரோலோட கலந்து உள்ளே போறப்பவே ஜில்லுன்னு ஆயிடும். இழு!”

தம்பி சூடான காற்றுக்கான குமிழை இழுத்தான். அவ்வளவுதான், இன்ஜின் உதறியது, விமானமே நடுங்கியது. அவன் பதறிப்போய்க் குமிழை உள்ளே தள்ளினான்.

“இன்னும் மோசமாகுதுக்கா! நீ என்னத்தைப் பூட்டினே?”

இந்த இடத்தில்தான் பைலட்டுகள் புத்தியைக் கடன் கொடுத்துவிடுவார்கள். கரையும் ஐஸ் தண்ணீராக இன்ஜினுக்குள் போகிறது. குடித்து முடிக்கும்வரை அது இருமத்தான் செய்யும். விளக்க நேரமில்லை. குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“தொட்டே, கையை உடைச்சிடுவேன்!”

காடு நெருங்கி வந்தது. அவளுக்கே உள்ளுக்குள் சந்தேகம். எந்த நட்டையாவது சரியாக முறுக்காமல் விட்டுவிட்டேனோ? கேட்க ஆளில்லை, போக வழியில்லை. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். பிடியை மட்டும் விடவில்லை.

பெரிதாக ஒரு இருமல். பிறகு சத்தம் சீரானது, முள் ஏறியது.

தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டு ரேடியோவில், “இன்ஜின்ல கோளாறு இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு,” என்றான்.

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

தம்பி அவளைப் பார்த்தான். ரேடியோ பொத்தானை மறுபடி அழுத்தினான்.

“முன்னே சொன்னதைத் திருத்திக்குங்க. கோளாறு இன்ஜின்ல இல்லை. பைலட் பயந்துட்டான்.”