கண்ணாடி அலமாரி இறங்குகிறது

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவனைக் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து முனகிக்கொண்டு தூக்குகிற வாஷிங் மெஷினை அவன் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் இப்போது கட்டிலில் மல்லாந்து கிடந்து, தும்மல் மட்டும் வந்துவிடக் கூடாது என்று ஆண்டவனை வேண்டிக்கொண்டிருந்தான்.

குடலிறக்கம். அடிவயிறும் தொடையும் சேருகிற இடத்தில் ஒரு புடைப்பு. வெகுகாலம் அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பாரத்தை இறக்கி வைத்ததும் கழிப்பறைக்குள் போவான், புடைப்பைக் கையால் அமுக்கி உள்ளே தள்ளுவான், ஒன்றும் நடக்காதவன் போல வெளியே வருவான். கிரேனுக்கு வலிக்கிறது என்று தெரிந்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற வீம்பு. கடைசியில் ஒருநாள் அது உள்ளே போக மறுத்துவிட்டது. வேலை செய்த இடத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அறுத்து, உள்ளே வலை வைத்துத் தைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"தினமும் எழுந்து நடங்க. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும், நெஞ்சுல சளி சேர்ந்துக்கும். கனம் மட்டும் தூக்கிடாதீங்க" என்று நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்பினாள். இவனும் தலையை ஆட்டினான். ஆனால் வீட்டுக்கு வந்து முதல் தடவை எழுந்தபோதே தையல் போட்ட இடத்தில் சுரீரென்றது. இனி எழுந்தால் தையல் பிரிந்துவிடும் என்றே முடிவுகட்டிவிட்டான். அதன் பிறகு கழிப்பறைக்குப் போவதோடு சரி. அதுவும் மனைவியின் தோளில் தொங்கிக்கொண்டு.

அவள் திரைச்சீலை தைக்கிறவள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே தையல் மெஷின். நடுநடுவே எழுந்து வந்து தண்ணீர் கொடுப்பாள், கால் பிடித்துவிடுவாள், வியர்வையைத் துடைப்பாள். மறுபடி போய் மிதிப்பாள். அவள் முகம் சுளித்து அவன் பார்த்ததில்லை. நாளுக்கு நாள் அவன் கால்கள் சூம்பிக்கொண்டு வருவது மட்டும் அவளை உள்ளுக்குள் அரித்தது. இப்படியே கிடந்தால் இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டானோ?

"என்னங்க, கூடத்து வரைக்குமாவது நடங்களேன்."

"தையல் பிரிஞ்சிடும்."

"தைக்கிறவ நான். தையல் எப்பப் பிரியும்னு எனக்குத் தெரியாதா?"

"இது துணி இல்லடி, தோலு."

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அண்ணனும் அதே கம்பெனிதான். அவனும் கிரேனும் ஒரே ஜோடி. படியில் பீரோ இறங்கினால் ஒரு முனை இவன் கையில், மறுமுனை மச்சான் கையில். மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. அவன் பேசினால் எதிரில் இருக்கிறவர்களுக்கு வயிறு குலுங்கும். குலுங்கினால் தையல் இழுக்கும் என்று பயந்துதான் தங்கை அவனை இத்தனை நாளும் வரவிடாமல் வைத்திருந்தாள். இன்றைக்கும் வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, உள்ள போய் ஜோக்கு அடிக்கக் கூடாது."

"பின்ன? எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காரணுமா?"

"அப்படியே உக்காரு."

உட்கார்ந்தான். முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பூட்டுப்போட்டவன் போல. அந்த முகத்தைக் கண்டதுமே கிரேனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று சிரித்தான்.

"நான் ஒரு வார்த்தை பேசலை தங்கச்சி. நீயே சாட்சி."

"உன் மூஞ்சியே போதும்ணே."

சிரிப்பு அடங்கியதும் மச்சான் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டான். "எங்க, எழுந்திரு பார்ப்போம்."

கிரேன் கட்டில் சட்டத்தைப் பிடித்தான். பல்லைக் கடித்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கி, நேராக எழும்பினான். சுரீர். பொத்தென்று தலையணையில் விழுந்தான்.

"பார்த்தியா? பிரிஞ்சிடுச்சு."

"பிரியலை, ஒண்ணும் இல்லை. நீ தம் கட்டினே மச்சான்."

பாரம் தூக்குகிறவர்களின் பழக்கம் அது. ஒருவன் "தம்" என்று குரல் கொடுப்பான். அத்தனை பேரும் மூச்சை அடக்கி, வயிற்றைக் கல்லாக இறுக்கி, ஒரே வேகத்தில் தூக்குவார்கள். இருபது வயதிலிருந்து அப்படியே தூக்கிப் பழகியவன், தன் உடம்பையும் அப்படியே தூக்கினான். இறுகிய வயிறு புண்ணைப் போய் முட்டியது.

"நீ என்ன பீரோவா, உன்னை நீயே தம் கட்டித் தூக்கறதுக்கு? பக்கவாட்டுல புரளு. காலைக் கீழ போடு. கையை ஊணு. மூச்சை விட்டுக்கிட்டே எழும்பு. நர்ஸம்மா இதைச் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாங்க. எப்படா வீட்டுக்கு விடுவாங்கன்னு நான் கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

புரண்டான். காலைத் தொங்கவிட்டான். கை ஊன்றி, உஸ்ஸென்று மூச்சை விட்டபடி எழுந்தான். வலிக்காமல் இல்லை. ஆனால் அது கிழிக்கிற வலி இல்லை, இழுக்கிற வலி. நின்றுகொண்டிருக்கிறோம் என்பதே அவனுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோப்பது போலப் பாவனை செய்தாள்.

சில நாள் கூடத்தில் நடந்து பழகியதும் மச்சான் விடவில்லை. "வா, தெரு வரைக்கும் போவோம்."

"மாடிப்படியா? நான் வரலை."

"எத்தனை படியில எத்தனை சாமானை இறக்கியிருக்கோம். உன்னை இறக்க மாட்டேனா?"

கிரேன் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு புறப்பட்டான். மச்சான் முன்னால் போய், கீழ்ப்படியில் நின்று, இவன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினான். இரு கைகளும் இவன் இடுப்பைத் தொடாமல், தொட்டுவிடும் தூரத்தில் இருந்தன. "கண்ணாடி அலமாரி இறங்குது, ஓரமா வாங்க" என்று குரல் கொடுத்தான். காய்கறிப் பையோடு ஏறிவந்த பக்கத்து வீட்டு அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, "அலமாரி எங்கப்பா?" என்றாள்.

"இதோ. பழைய சாமான், கொஞ்சம் கீறல் விழுந்திருக்கு."

கிரேன் தலையணையை அமுக்கிக்கொண்டு திட்டினான்: "பாவி, கொல்லாதேடா."

படி திரும்புகிற நடுமேடையில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். கிரேனுக்கு மனதில் வெகுநாளாக ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. படியில் சாமான் இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிக்கிறவனுக்குத்தான் முழுப் பாரமும். கொஞ்ச காலமாக மச்சான் அந்தப் பக்கத்தை இவனுக்கு விடுவதே இல்லை. பெரிய ஆள் என்று காட்டிக்கொள்கிறான் என இவன் உள்ளுக்குள் புழுங்கியிருந்தான்.

"ஏன் மச்சான், எப்பவும் கீழ்ப்பக்கம் நீயே புடிச்சுக்கிறே?"

மச்சான் செருப்பைக் கழற்றி மாட்டினான். "கக்கூஸ்லேருந்து நீ வரும்போது மூஞ்சி வெளுத்துப் போயிருக்கும். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தெரிஞ்சுதானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும், தப்புதான். கேட்டா சண்டைக்கு வருவியேன்னு விட்டுட்டேன். என்னால முடிஞ்சது அந்தக் கீழ்ப்பக்கம்தான்."

கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று கட்டிலில் கிடந்து மனம் கசந்தவன் அவன். அவரோ இத்தனை காலமும் தனக்கு ஒரு படி கீழே நின்று பாரம் தாங்கியிருக்கிறார் என்று அப்போது தோன்றியது. மச்சானின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினான். அதற்குமேல் இருவருக்கும் வெட்கமாக இருந்தது. எழுந்தார்கள்.

கீழே வந்து சேர்ந்தபோதுதான் தலையணை நடுமேடையிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. "இரு, எடுத்துட்டு வரேன். கதவுல கை வைக்காதே" என்று மச்சான் படியேறினான்.

அந்தக் கட்டடத்தின் வாசல் கதவு இரும்பு, நடுவில் கண்ணாடி, ஸ்பிரிங் இறுக்கமானது. குடியிருக்கிறவர்கள் தோளால் முட்டித்தான் திறப்பார்கள். கிரேன் ஒரு கையால் தள்ளி, மற்றவர்களுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயில் அடித்தது. கை தானாக நீண்டு கைப்பிடியில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. ஒரே தள்ளுதான்.

கையை எடுத்துக்கொண்டான்.

அப்போது தபால்காரப் பெண் ஒருத்தி வந்தாள். ஒல்லியான உடம்பு, தோளில் கனத்த பை. படிக்கட்டருகே இருந்த பெட்டிகளில் கடிதங்களைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவளிடம் கேட்பதா என்று ஒரு கணம் தயங்கினான். பிறகு கேட்டான்.

"அம்மா, கதவைக் கொஞ்சம் திறந்துவிடுறீங்களா? எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருக்கு. தள்ளக் கூடாது."

"அதுக்கென்ன, வாங்க" என்றாள் அவள். தோளால் கதவை முட்டித் திறந்து, முதுகைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்கும் பண்ணாங்க. மெதுவா வாங்க, அவசரமே இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. கிரேன் மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினான்.