காகிதப்பூவுக்குத் தண்ணீர்

தோட்டக்காரி மூன்று வாரமாக முன்சுவர்க் காகிதப்பூச் செடிக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. உச்சி வெயிலில் அதன் இலைகள் தொங்கிக்கிடந்தன. மற்ற பாத்திகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, குழாயின் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சம்பளத்த வாங்கிட்டு செடியப் பட்டினி போடுறியா?" என்றார் மேற்பார்வையாளர். "பத்து நாள்ல முதலாளி வர்றாரு. செவுரு பூரா பூ இருக்கணும். கைப்பிடியக் குடு."

"தண்ணி விட்டா இலைதான் சார் கொழுக்கும். காஞ்சாத்தான் இது பூக்கும். இங்க பாருங்க." கிளையை வளைத்துக் காட்டினாள். நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு அரும்புகள் சிவந்திருந்தன. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"கைப்பிடி தர மாட்டேன் சார்."

மாலையில் கடிதம் வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் அலட்சியம். முதலாளி வருகிற நாளோடு வேலை முடிந்தது. அங்கேயே கூட்டுகிற வேலை பார்க்கும் அவள் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு குடம் ஊத்தித் தொலைச்சா உன் கிரீடம் எறங்கிடுமா? வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்கடி."

"ஊத்துனா பூக்காது அண்ணி. பூக்கலன்னா அப்பவும் என்னத்தான் துரத்துவாரு. போறதுதான் போறேன், பூக்க வச்சுட்டுப் போறேன்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாடும் அந்தச் செடியடியில்தான். வாளி தூக்கி ஊற்ற மேற்பார்வையாளருக்கு இடுப்பு வளையாது என்பது அவளுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் சுவரே தெரியவில்லை, அத்தனையும் சிவப்பு. முதலாளி வாயைப் பிளந்து நின்றார்.

"யாருய்யா இத வளத்தது?"

"நான்தான் சார், கூடவே நின்னு பாத்துக்கிட்டேன். வேளை தவறாம தண்ணி…" என்று குழைந்தார் மேற்பார்வையாளர்.

"பொய் சார்" என்றாள் அவள் சத்தமாக. "மூணு வாரத்துக்கு மேல தண்ணியே காட்டல. அதனாலதான் பூத்துச்சு."

முதலாளி சிரித்தார். "தண்ணி இல்லாம எந்தச் செடிம்மா பூக்கும்?" பிறகு மேற்பார்வையாளரின் தோளில் தட்டினார். "இனிமே ரெண்டு வேளையும் ஊத்தச் சொல்லுங்க." பூவுக்கு முன்னால் இருவரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் இடுப்பிலிருந்த கைப்பிடியை எடுத்து மேற்பார்வையாளரின் உள்ளங்கையில் வைத்தாள். "நல்லா ஊத்துங்க சார்."

வாசலில் காவலாளி வழக்கம்போல் அவள் பையைக் கவிழ்த்தான். சாப்பாட்டு டப்பாவோடு உதிர்ந்த பூக்கள் நாலைந்து விழுந்தன.

"தோட்டத்துப் பொருள வெளிய கொண்டுபோகக் கூடாதுக்கா" என்று அவற்றைப் பொறுக்கி மேசைமேல் வைத்தான்.

"பத்திரமா வச்சுக்க தம்பி. இனிமே இங்க கெடைக்காது."

உள்ளே புது ஆள் குழாயைத் திறந்தான். செடியின் தூரில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.