ஒரு செஸ்ட்நட்டுக்கு ஒரு மாதம்

நிகாரைக் கைப்பிடிக்க அவள் அப்பா ரிஃப்கி எஃபெந்தி வைத்த விலை, அறுபது செஸ்ட்நட் கொட்டைகள். சர்க்கரைப் பாகில் ஊறியிருக்க வேண்டும். மாப்பிள்ளையே வீட்டில் செய்திருக்க வேண்டும். ஒன்றுகூட உடைந்திருக்கக் கூடாது. துருக்கியின் புர்சா நகரக் கடைத்தெருவில் பட்டு விற்கிறவர் அவர். எதிராளியை அலைக்கழிக்காமல் எந்த வியாபாரத்தையும் முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

"கல்யாணம் மே மாசம்னு வச்சுக்குவோம்," என்று நிகாரை விரும்பும் எதிர்க்கடை ஃபிக்ரெத்திடம் அறுபதையும் எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்தார். "உடையற ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாசம் தள்ளிப் போகும்."

"மாமா, பத்து உடைஞ்சா அடுத்த வருஷம் ஆயிடுமே!"

"அதான் உடைக்காதேங்கறேன். கடையில வாங்கி டப்பா மாத்திக் கொண்டாரலாம்னு பாக்காதே தம்பி. ஒரு கடி கடிச்சா எந்தக் கடைச் சரக்குன்னு சொல்லிடுவேன்."

ஃபிக்ரெத் திரைச்சீலை வியாபாரி. அதுவரை அடுப்பை அவன் பற்றவைத்ததே சிகரெட்டுக்காகத்தான். இருந்தாலும், ஓட்டையும் உள்தோலையும் கீறல் விழாமல் உரித்துவிட்டான். வேகும்போது ஒன்றோடொன்று மோதி உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் மெல்லிய வலைத்துணியில் முடிய வேண்டும். துணிக்கா பஞ்சம்? கடையிலிருந்தே வெட்டி வந்தான். முதல் ஈடாக ஏழு முடிச்சுகளைப் பானையில் போட்டு, சின்னத் தீயில் வேகவிட்டு, ஆசையாகப் பிரித்தான்.

ஏழும் மாவு.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வாயால் மட்டும் உதவிக்கொண்டிருந்த அக்கா பெல்கிஸ் ஒரு முடிச்சை எடுத்துப் பார்த்தாள். ஊசி நுழைய இடமில்லை.

"ஏண்டா, இது செஸ்ட்நட்டா, அங்காரா லாரியில ஏத்தற பொட்டலமா? இந்த இறுக்கு இறுக்கியிருக்கே! வெந்தா உப்பும்டா. மூச்சு விட இடம் வேணாமா?"

"கை பழக்கம்கா. பொட்டலம்னா இறுக்கித்தான் கட்ட வரும்."

"உன்னைக் கட்டிக்கப் போறவளை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

வெளியே ஏழு வாங்கிச் சேர்த்துவிடலாம் என்றால், கடைத்தெருவில் செஸ்ட்நட் விற்கிறவர்கள் அத்தனை பேரும் எஃபெந்தியோடு தினமும் தாயக்கட்டை உருட்டுகிறவர்கள். தேநீர் ஆறுவதற்குள் செய்தி போய்விடும். மிச்சத்தைத் தொளதொளவென்று முடிந்தான். அவை முழுசாக வெந்தன; பாகில் கொதித்து, ராத்திரி முழுக்க ஊறி, தேன் நிறத்தில் மினுங்கின. உடைந்த ஏழையும் அக்கா சர்க்கரை தொட்டுத் தின்று தீர்த்தாள்.

ஞாயிறு மாலை பெண் கேட்கப் போனார்கள். ஃபிக்ரெத்தின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடவுள் கட்டளைப்படி, நபி வாக்குப்படி, உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேக்கறோம்," என்றார். எஃபெந்தி அவர்கள் கொண்டுவந்த செஸ்ட்நட் தட்டை இழுத்து எண்ணினார்.

"அம்பத்து மூணு. ஏழு எங்கே?"

பெல்கிஸ் கூரையை ஆராய்ந்தாள்.

"உடைஞ்சு போச்சு மாமா," என்றான் ஃபிக்ரெத்.

"அப்ப டிசம்பர். பனியில வழுக்கிக்கிட்டே ஊர்வலம் போகலாம்."

அந்த நேரம் பார்த்து நிகார் காபித் தட்டோடு வந்தாள். அந்த ஊர் வழக்கப்படி, பெண் கேட்க வருகிறவனின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழும். முகம் சுளிக்காமல் குடித்தால்தான் அவன் ஆம்பிளை. ஃபிக்ரெத் கடைசி மண்டி வரை குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. முகம் மட்டும் கல்யாண போட்டோ மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தது.

"எத்தனை ஸ்பூன் போட்டேன் தெரியுமாப்பா? அஞ்சு!" என்றாள் நிகார். "நீங்க அம்மாவைப் பொண்ணு கேக்கப் போனப்ப ஒரு ஸ்பூனுக்கே ஜன்னலைத் திறந்து துப்பினீங்களாமே. ஸ்பூனுக்கு ஒரு மாசம் கழிங்க."

"நீ யார் பக்கம்டி?"

"கழிங்கப்பா."

முணுமுணுத்துக்கொண்டே கழித்தார். "சரி. பாக்கி ரெண்டு. ஜூலை. அதுக்குக் கீழ ஒரு நாள் எறங்க மாட்டேன்."

பேரத்தில் பாதி தோற்ற எரிச்சலில் செஸ்ட்நட் தட்டின் பக்கம் திரும்பினார். சர்க்கரை வியாதிக்காரர்; பாதிக்கு மேல் தின்னக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. முள்கரண்டியால் ஒன்றை நறுக்கிப் பாதியை வாயில் போட்டார். கண்ணை மூடினார். மிச்சப் பாதியைத் தொடக்கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு, புதிதாக இன்னொன்றை நறுக்கினார். பிறகு மூன்றாவது. வாய் திறந்து பாராட்டினால் விலை ஏறிவிடுமே என்று மென்றுகொண்டே இருந்தார்.

"மாமா," என்றான் ஃபிக்ரெத் மிக மரியாதையாக. "உடைச்சதுக்குத்தானே மாசம்? நான் உடைச்சா தள்ளிப் போகுதுன்னா, நீங்க உடைச்சா முன்னால வரணுமில்ல?"

எஃபெந்தியின் முள்கரண்டி நாலாவதன் மேல் அப்படியே நின்றது. நிகார் தட்டை அவருக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்திவிட்டு விரல் மடக்கினாள்.

மாப்பிள்ளை உடைத்தது ஏழு. உப்பில் கழிந்தது ஐந்து. மாமனார் உடைத்தது மூன்று. மாமனார் கொடுக்க வேண்டிய பாக்கி, ஒரு மாதம்; கல்யாணம் மே மாதத்துக்கும் முன்னால், ஏப்ரலில்.