சித்தப்பா திரையைப் பிடித்த கதை

சித்தப்பாவின் தையல் கடையில், உடுப்பைப் போட்டுப் பார்க்கும் சின்ன அறைக்குக் கதவு கிடையாது. ஒரு பச்சைத் திரைதான். செவ்வாய்க்கிழமை மதியம் அதை விலக்கினால் பின்சுவர் இருக்காது. வெள்ளை நூல் புல்லாக முளைத்துக் கிடக்கும் ஒரு வெளி இருக்கும். அந்த நூலில் தைத்த கோட்டில் சுருக்கமே விழாது. ஆனால் வெளியே ஓர் ஆள் திரையைப் பிடித்தபடியே நிற்க வேண்டும். விட்டால் வழி மூடிவிடும். ஆணியில் மாட்டி ஏமாற்ற முடியாது. உள்ளே ஒரு வாரத்துக்கு மேல் இருப்பவரும் நூலாகிவிடுவார்.

போன செவ்வாய் நூலறுக்க அண்ணன் உள்ளே போனான். சித்தப்பா திரையைப் பிடித்திருந்தார். அப்போது டீ வந்தது.

"ஆறிப்போயிடும்ல கண்ணு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் என்னிடம், திரையை விட்ட கையில் டம்ளரோடு. பிறகு வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு போன் செய்து, அண்ணன் பள்ளிச் சுற்றுலா போயிருக்கிறான் என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பிள்ளையைப் பிரிந்த ஏக்கமாம்.

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவரை நன்றாகப் பார்க்கலாம். கண்ணாடியைத் தாண்டும்போதெல்லாம் அவர் நின்று நின்று போவதைப் பார்த்தேன்.

செவ்வாய் வந்தது. அவர் புதுக் கோட்டில் இருந்தார். மறுநாள் தையல்காரர் சங்கத் தலைவராகப் பதவியேற்கிறார்.

"நான் போய் அண்ணனைக் கூட்டிட்டு வரேன். நீங்க புடிச்சுக்கங்க, சித்தப்பா."

"ஐயோ தங்கம், எனக்குத் தலை சுத்துது. அவன் கெட்டிக்காரன், தானா வந்துடுவான். நீயும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது.

"சரி. கோட்டுக் கை கொஞ்சம் நீளமா தெரியுதே?"

"எங்கே?" பதறிப்போனார்.

"திரைகிட்ட வாங்க, வெளிச்சம் இருக்கு. கூட்டத்துல பேசுற மாதிரி கையைத் தூக்குங்க. ஆங், அப்படித்தான்! தலைவர்னா தலைவர்!"

முகவாயை உயர்த்தி, கண்ணாடியில் தன்னைத் தானே வாழ்த்திக்கொண்டு நின்றார். திரையை விலக்கி, கோட்டின் கைவிளிம்போடு சேர்த்து இரட்டை நூலால் நெருக்கித் தைத்தேன். கத்தரிக்கோலை எட்டாத பலகையில் வைத்தேன்.

"ஏய்! என்னடி பண்ணின?"

"அசையாதீங்க. இழுத்தாலும் கழட்டினாலும் கோட்டு கிழிஞ்சிடும்."

அவர் அசையவில்லை. மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டார். கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

அண்ணன் வெகுதூரத்தில் கிடந்தான். சுண்டுவிரல் நுனி நூலாகப் பிரியத் தொடங்கியிருந்தது. முடிச்சுப் போட்டு, தோளில் தாங்கி இழுத்து வந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது சித்தப்பா வியர்த்து வழிந்தபடி அப்படியே நின்றிருந்தார்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நேரம் எனக்காகவா நின்னீங்க, சித்தப்பா?"

"வேற யாருக்காகடா ராஜா? நீதானே என் உசுரு!"

நான் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். "அப்படியா சித்தப்பா? அப்போ கோட்டு போனா பரவாயில்லையே?"

அவர் அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியாகக் கண்ணாடியில் கோட்டைப் பார்த்தார்.

கோட்டுக் கையை முழங்கைக்கு மேலேயே வெட்டினேன்.