மின்னலின் ஐந்தாவது ஆல்பம்

பாடகி மின்னலைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கல்யாண வீடு, பஸ், பல் டாக்டரின் காத்திருப்பு அறை, எங்கே போனாலும் அந்தக் குரல் துரத்திக்கொண்டு வரும். ஆனால் அவருடைய ஐந்தாவது ஆல்பத்தைப் பற்றி மட்டும் கேட்டுப்பாருங்கள், வெறிபிடித்த ரசிகர்கள்கூட முழிப்பார்கள். அது வந்தபோதும் சீந்துவாரில்லை, அதன்பிறகும் இல்லை. விளம்பரம் கிடையாது, ரேடியோவில் ஒரு பாட்டும் வந்தது கிடையாது. வாங்கிய சிலரும் மூன்றாவது பாட்டைத் தாண்டவில்லை என்று கேள்வி. ஏனென்று கேட்டால், "தெரியல, ஒரு மாதிரி இருந்துச்சு" என்பார்களாம்.

அவருடைய ஆல்பங்களையெல்லாம் சுத்தம் செய்து மறுபடி வெளியிட எங்கள் ஆடியோ கம்பெனி முடிவெடுத்தது. நல்லதையெல்லாம் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்கள். இதை மேனேஜர் என் தலையில் கட்டினார். பழைய டேப்பில் இருக்கும் இரைச்சல், இருமல், நாற்காலிக் கிறீச்சு எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுவதுதான் என் வேலை. ஆபீசில் என் பெயரே துடைப்பம். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான்.

பழைய டேப் பிசுபிசுத்துப் போயிருக்கும். இளஞ்சூட்டில் காயவைத்தால் ஒரு தடவை ஒழுங்காக ஓடும், அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. வருஷக்கணக்கில் சுருட்டியே கிடப்பதால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் படிந்துவிடும். பாடகி வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்பே அதே வரி, அதே குரலில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் லேசாகக் கேட்கும். நாங்கள் அதை முன்னொலி என்போம். பல டேப்பிலும் உள்ளதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

இந்த டேப்பிலும் முன்னொலி இருந்தது. ஆனால் குரல் வேறு. மெலிந்த குரல், வரியின் கடைசியில் மூச்சு வாங்கியது. அது பாடவும் இல்லை. வார்த்தைகளைச் சொன்னது, அவ்வளவுதான். அது சொல்லி முடித்த பிறகே மின்னல் பாடினார். மூன்றாவது பாட்டில் அது ஓரிடத்தில் தாமதித்தது. மின்னலும் நின்று காத்திருந்தார், தாளம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பட்டப்பகல். பக்கத்து அறையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் வந்தால் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள், நான் பெருக்குவேன். வரி வரியாக அந்தக் குரலை வழித்தெடுத்தேன். அது போனதும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் இடைவெளி பல்லை இளித்தது. அதையும் விடவில்லை. மின்னலின் குரலை முன்னால் நகர்த்தித் தாளத்தோடு சேர்த்து ஒட்டினேன். கடைசியில் கேட்டபோது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, அமர்க்களமாக இருந்தது. இதையா இத்தனை வருஷம் மூலையில் போட்டார்கள் என்று எனக்கே ஆற்றாமையாகிவிட்டது.

கேட்டு ஒப்புதல் சொல்ல மின்னலே வந்தார். மற்ற ஆல்பங்களுக்கு உதவியாளரை அனுப்பியவர், இதற்கு மட்டும் கைத்தடியை ஊன்றி மாடியேறி வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பாட்டு போனது. மூன்றாவதில் கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சின்னவ எங்கேம்மா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் பொறுமையாகச் சொன்னார். சின்னவள் என்றால் அவருடைய தங்கை. மின்னலுக்கு வரிகள் மனதில் நிற்காதாம். காகிதத்தைப் பார்த்துப் பாடினால் குரலில் உயிர் இருக்காதாம். அதனால் முதல் ஆல்பத்திலிருந்தே தங்கை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஹெட்போன் வழியாக ஒவ்வொரு வரிக்கும் அடியெடுத்துக் கொடுப்பாள். ஐந்தாவது ஆல்பத்துக்குத் தேதி குறித்த பிறகு அவள் மூச்சுத்திணறலில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த கையோடு மின்னல் ஸ்டூடியோவுக்கு வந்து மைக் முன்னால் வெறுமனே நின்றார். ஒரு வார்த்தை ஞாபகமில்லை. ஹெட்போனில் வரி வந்தது.

"மனப்பிரமைன்னுதான் நெனச்சேன். அப்புறம் பார்த்தா, டேப்பிலேயே இருக்கா. பேய்னு சொல்லி அவளைக் கேவலப்படுத்திடுவாங்கன்னு ஆல்பத்தை நானேதான் அமுக்கினேன்."

அந்த ஆல்பத்துக்குப் பிறகு தங்கை வரவில்லை. மின்னல் காகிதத்தைப் பார்த்தே பாடினார், உலகம் அதையும் கொண்டாடியது. வீட்டிலிருந்த பிரதி தேய்ந்தே போனது. காது முழுசாக அடைபடுவதற்குள் தங்கையை ஒரு தடவை தெளிவாகக் கேட்டுவிட வேண்டும், அதற்காகத்தான் மறுவெளியீட்டுக்கே சம்மதித்தேன் என்றார்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் தொழில் தெரிந்தவள் இல்லையா, கைவைக்காத பிரதியைத் தனியாக வைத்திருந்தேன். சின்னவங்க பத்திரமா இருக்காங்க மேடம் என்று சொல்லி அதை ஓட்டினேன். மின்னல் பாடினார். வரிகளுக்கு முன்னால் இடைவெளி அப்படியே இருந்தது. இடைவெளிக்குள் யாரும் இல்லை. டேப்பையே மறுபடி போட்டுப் பார்த்தேன். பழுப்புத் தூளாக உதிர்ந்து, உஸ்ஸென்ற சத்தம் மட்டும் வந்தது. செத்துப்போனவளை இன்னொரு தடவை சாகடித்துவிட்டேனே என்று அவர் முன்னாலேயே அழுதேன்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் எழுந்து, பாடும் அறைக்குள் மைக் போடச் சொன்னார்.

"நாங்க பாடாம விட்ட பாட்டு ஒன்னு இருக்கு. அவளே கட்டினது. எங்கயும் எழுதி வைக்கல, அவ வாயிலதான் இருந்துச்சு. சும்மா நின்னு பார்க்கிறேன்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். நான் என் நாற்காலியில், அவர் ஹெட்போனில் கேட்கும்படி பேசும் என் மைக்குக்கு முன்னால். அவர் காத்திருந்தார். கதவு திறக்குமா என்று பார்க்கும் குழந்தையின் முகம் அது. என்னால் தாங்க முடியவில்லை. போதும், விட்டுடுங்க மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

வேறு வார்த்தைகள் வந்தன. நான் ஜென்மத்தில் கேட்டிராத ஒரு வரி. மெலிந்த குரலில் வந்தது, வரி முடியும்போது எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணாடிக்கு அப்பால் மின்னல் அந்த வரியைப் பாடினார். அடுத்ததும் வந்தது. கையால் வாயைப் பொத்தினேன், விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது. ஒரு வரி நான், ஒரு வரி அவர் என்று பாட்டு முழுவதும் போனது. அவர் அப்படிப் பாடி நான் கேட்டதேயில்லை. கன்னமெல்லாம் ஈரமாக, சிரித்துக்கொண்டே பாடினார்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமல் என் பக்கம் பார்த்தார்.

"அங்க வசதியா இருக்கியாடி?"

என்ன பதில் சொல்வதென்று நான் யோசிப்பதற்கு ஒரு நொடி முன்பே என் வாய் சொல்லிவிட்டது.

"இருக்கேன்க்கா."