ஏப்ரன் போட்டால் டீச்சர்

போன வாரம் மகன் போன் செய்தான். மருமகளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிறதாம். குழந்தைகள் காப்பகத்தில் கேட்ட கட்டணத்தைச் சொல்லிவிட்டு, "என்னையெல்லாம் எப்படிம்மா வளர்த்தே?" என்றான்.

"பாதி விலைக்கு" என்றேன்.

சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்போது அவனுக்கு இரண்டரை வயது. உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிடுவோம். அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். நான் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். திரும்ப வேலைக்குப் போகலாமென்று விசாரித்தால், என் சம்பளத்தில் முக்கால்வாசியைக் காப்பகமே விழுங்கிவிடும் போலிருந்தது.

"அப்ப நீ சம்பாதிக்கிறதே அவனை அங்க கொண்டுபோய் விடுறதுக்குத்தான்" என்றார் அவர்.

"நான் வீட்லயே இருந்துட்டா?"

"வாடகையைக் குடுத்துட்டு மூணு பேரும் காத்தைச் சாப்பிடலாம்."

அந்தக் காப்பகத்தின் கதவிலேயே ஆள் தேவை என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் கேட்டேன். அதை நடத்திவந்த அம்மாவைக் குழந்தைகள் பெரிய டீச்சர் என்பார்கள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்; சிரிப்பை அளந்துதான் செலவழிப்பார்.

"இங்க வேலை பாக்குறவங்க பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். ஆனா ஒண்ணு. எட்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் அவன் உங்க பையன் இல்ல. நீங்க அவனை மட்டும் தூக்கினா மத்த பிள்ளைங்க ஏங்கிப் போயிடும்."

தலையாட்டிவிட்டேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது மறுநாள்தான் உறைத்தது. எனக்குக் கைக்குழந்தைகள் அறை. அவனுக்குப் பக்கத்து அறை. நடுவில் பாதிச் சுவர், பாதிக் கண்ணாடி. அவன் மூக்கு நசுங்க முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒரு பிள்ளைக்கு டயாபர் மாற்றுவேன். நான்கு நாள் அழுதான். ஐந்தாம் நாள் நானும் அழுதேன்.

வழி சொன்னது அவன் அப்பாதான். காப்பகத்தில் நான் போடும் நீல ஏப்ரனை மாட்டியும் கழற்றியும் காட்டினார். "பட்டாணி, இங்க பாரு. ஏப்ரன் போட்டா டீச்சர். கழட்டினா அம்மா. சரியா?"

பையன் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டான். ஒருநாள் மறதியாக ஏப்ரனோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். "டீச்சர், தண்ணி வேணும்" என்று மரியாதையாகக் கேட்டான். அவன் அப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தேன்.

ஆறாவது மாதம் அது நடந்தது. குழந்தைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் சறுக்குமரத்தின் மேல்படியிலிருந்து விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டான். அங்கிருந்த டீச்சர் ஓடி வருவதற்குள் எழுந்து என் அறை வாசலில் வந்து நின்றுவிட்டான். சட்டையெல்லாம் ரத்தம். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"டீச்சர், ரத்தம் வருது" என்றான்.

உதடு துடிக்கிறது. அழாமல் நிற்கிறான். எனக்காக, எங்கள் சட்டத்துக்காக, இந்தப் பொடியன் அழுகையைப் பிடித்துவைத்திருக்கிறான் என்று புரிந்ததும் ஏப்ரனைக் கழற்றப் பார்த்தேன். ஏப்ரன் முடிச்சு அவிழவில்லை. இழுத்த இழுப்பில் நாடா அறுந்தது. ஏப்ரன் தரையில் விழுந்த பிறகுதான், "அம்மா!" என்று அந்தக் கட்டடமே அதிரக் கத்தினான்.

தூக்கிக்கொண்டு தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாதி வழியில்தான் என் அறையில் ஆறு கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வந்தது உறைத்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

தையல் போட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பெரிய டீச்சர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்று, தோளில் ஒன்று. அவருடைய கண்ணாடிச் சங்கிலியை மூன்றாவது ஒன்று மென்றுகொண்டிருந்தது.

"எத்தனை தையல்?"

"மூணு, டீச்சர். மன்னிச்சுக்கோங்க, பிள்ளைங்களை அப்படியே..."

"நீ ஓடினதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். முதல்முறையாக என்னை நீ என்றார். பட்டாணியின் மோவாயில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "மத்தியானம் பத்து நிமிஷம் ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டு அவனோட உக்காந்து சாப்பிடு. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அந்தப் பத்து நிமிடங்கள் இரண்டு வருடம் நடந்தன. சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் காயவைக்கும் மேடை ஓரத்தில், ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். அவன் என்னிடம் கதை சொல்லிக்கொண்டே தன் பங்கை முடித்துவிட்டு என் பங்குக்கும் வருவான். யாருடைய ஷூவில் யார் மண்ணைப் போட்டது, எந்த டீச்சருக்குத் தும்மல் வந்தது என்று அந்தப் பக்கத்து அறையின் அரசியல் முழுவதும் எனக்கு அத்துப்படி.

பிறகு அவன் பள்ளிக்கூடம் போனான். காப்பகத்தில் எனக்கு இனி என்ன வேலை என்று துணிக்கடைக்கே திரும்பிவிட்டேன். முதல் மாதம் முழுச் சம்பளமும் கைக்கு வந்தபோது மூன்று பேரும் புதுச் செருப்பு வாங்கினோம். பட்டாணி கடையிலேயே போட்டுக்கொண்டு, வழியெல்லாம் எங்களுக்கு முன்னால் ஓடினான். கை பிடிக்க வா என்று கூப்பிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் சீக்கிரம் வாங்க" என்றான்.