எந்த ஊர் லேப்டாப்

வியட்நாமின் பாக் சியாங் தொழிற்பேட்டையில் ஆறு வருஷமாகத் தோவாவுக்கு லேப்டாப்களைத் தடவிப் பார்ப்பதுதான் வேலை. மூடி சரியாக உட்காருகிறதா, திருகு துருத்துகிறதா, எழுத்துப் பொத்தான்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் பார்த்து அனுப்புவாள். சொந்தமாக ஒன்றுகூட வாங்கியதில்லை. இந்த வருஷம் தங்கள் தோட்டத்து லிச்சிப் பழத்தை இணையத்தில் நேரடியாக விற்பதென்று முடிவானது. வாங்குகிறவர்களின் பெயரும் விலாசமும் போனில் எழுதிக் கண் வலித்ததால், லேப்டாப் ஒன்று வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் கியெமின் பைக்கில் ஹனோய்க்குக் கிளம்பினாள்.

வழி முழுக்கக் கியெம் ஒரே பாட்டுப் பாடினான். "ஜப்பான் சரக்காப் பாரு. நம்ம வீட்டுச் சோத்துப் பானை ஜப்பான்ல யாரோ வேணாம்னு போட்டது. பதினோரு வருஷமா ஓடுது."

"அப்ப நாங்க செய்யறது ஓடாதா?"

"நான் அப்படிச் சொல்லலை. நம்ம ஆளுங்க வேலை எப்படின்னு நமக்குத் தெரியாதா?"

அந்த 'நம்ம ஆளுங்க'ளில் தானும் ஒருத்தி என்பது அவனுக்குத் தோன்றவே இல்லையே என்று தோவாவுக்குச் சுருக்கென்றது.

கடைக்காரர் லுவோங் வாய் ஓயாத மனுஷர். கியெம் 'ஜப்பான்' என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு கறுப்பு லேப்டாப்பைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார்.

"தம்பி, இது டோக்கியோவிலிருந்து கையில கொண்டு வந்தது. ஒருத்தர் ஒரு வருஷம்தான் வெச்சிருந்தார். பொத்தான்ல பாருங்க, ஜப்பான் எழுத்து!"

கடையிலிருந்த புதிய லேப்டாப்பைவிட இருபது லட்சம் டோங் அதிகம், தோவாவின் ஒரு வாரச் சம்பளம். கியெம் அதைக் கையில் வாங்கி எடை பார்த்து, மூடியை மெல்லத் திறந்தான், முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, எப்படிக் கெட்டியா இருக்கு!"

தோவா அதை வாங்கிக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் வரிவரியாக ஜப்பானிய எழுத்து. கடைசி வரிக்கு மேலே, எறும்பு மாதிரிப் பொடியாக ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன்மேல் விரல் வைத்துக் கணவனிடம் நீட்டினாள்.

கியெம் எழுத்துக் கூட்டிப் படித்தான். வியட்நாமில் செய்தது.

தலையைத் தூக்கிக் கடைக்காரரைப் பார்த்தான்.

"ஜப்பான்லேருந்து வந்ததுன்னுதான் சொன்னேன்," என்றார் லுவோங். "ஜப்பான்ல செஞ்சதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

தோவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, நம்ம ஊர்லேருந்து போற லிச்சியை ஜப்பான்காரன் நம்பிச் சாப்பிடறான். நாங்க செஞ்ச லேப்டாப்பையும் நம்பி வாங்கியிருக்கான். நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க."

கியெம் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "இது நீ பாத்து அனுப்பினதா இருக்குமோ?"

"என்கிட்ட வந்ததுக்கு நான் பேரா வெச்சேன்? எங்க தொழிற்சாலையே இல்லாமலும் இருக்கலாம். திரை ஒரு நாட்டுலேருந்து வரும், பேட்டரி இன்னொண்ணுலேருந்து. நாங்க சேத்து முடுக்கறோம். ஒழுங்கா முடுக்கியிருக்கான்னு பாத்தாப் போதும்."

பிறகு அவள் புதியதைக் கேட்டாள். இங்கேயே செய்தது, இரண்டு வருஷ உத்தரவாதம். லுவோங் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். மூடி விளிம்பில் ஓட்டிய அவள் நகம் ஒரு மூலையில் நின்றது.

"இங்க இடைவெளி கூடுதலா இருக்கு. வேற பெட்டி எடுங்க அண்ணே."

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா!"

"எனக்குத் தெரியுதே."

இரண்டாவது பெட்டியும் திரும்பிப் போனது. மூன்றாவதைக் கவிழ்த்து, நிமிர்த்தி, திறந்து, மூடி, கடைசியில் "இது நல்லா இருக்கு" என்றாள். லுவோங் வியர்வையைத் துடைத்தபடி, "நாளையிலேருந்து என் கடையிலேயே வேலைக்கு வந்துடும்மா" என்றார்.

"அவளை விட முடியாதுங்க," என்று கியெம் முந்திக்கொண்டான். குரலில் பெருமை வழிந்தது. "இந்த வேலையில அவ கைக்கு ஈடு கிடையாது."

தோவாவுக்குக் காலையில் சுருக்கென்ற இடம் அப்போது ஆறிவிட்டது.

திரும்பும் வழியில் பாக் நின் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரே மழைக்கோட்டு. கியெம் வண்டியை ஓரம் கட்டி, அதை எடுத்து லேப்டாப் பெட்டிக்குச் சுற்றி, அவள் மடியில் வைத்தான். இருவரும் தொப்பலாக நனைந்தபடி, உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.